கைலி கட்டியவனுக்கு ஒரு ரைபிள்

ஆண்டு மலரில் படித்தவர்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவே என் பெயரைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் அது நியாயமே. நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக்கூட வெட்கப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவன். அப்படிப்பட்டவன் பேனா பிடித்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குற்றம் முழுவதும் என்னுடையது அல்ல. போன மாதம் நம் வாசகசாலையில் இளைஞர்கள் சிலர், "அண்ணே, துப்பாக்கிக் கடையில நீங்க என்னதான் வேலை பாத்தீங்க? சுட்டீங்களா, வித்தீங்களா?" என்று கேட்டார்கள். கடை அரசாங்கத்தின் கைக்குப் போய், எனக்கும் ஓய்வு கொடுத்து சில வருஷங்கள் ஆகின்றன. யாரும் இப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தவன், கொஞ்ச நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, கையை வீசி, கண்ணை உருட்டிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். "இதை அப்படியே எழுதிக் குடுங்க" என்றுவிட்டார்கள். கையை வீசாமல் எழுத வருமா தெரியவில்லை.

நான் விற்றவன் அல்ல, வேட்டைக்காரனும் அல்ல. பரீட்சை பார்க்கிறவன். ரங்கூனில், பபேடான் பகுதியில், ஒரு குடைக் கடைக்கும் அல்வாக் கடைக்கும் நடுவே எங்கள் கடை. அந்த நாளில் ஆற்றுவழி பயமான வழி. நெல் ஆலைகள், மோட்டார் படகுகள், தோட்டங்கள் எல்லாம் காவலுக்கு ஆள் வைத்திருந்தன. அந்தக் காவலர்களுக்கு அனுமதிச் சீட்டின்பேரில் ரைபிளும், கயிறு அறுக்கக் கத்தியும் எங்கள் முதலாளி தருவித்துக் கொடுப்பார். வெளிநாட்டிலிருந்து சாமான் வந்ததும் முதலில் எங்கள் பின்கட்டுக்குத்தான் வரும். இது இங்கே வேலைக்கு ஆகுமா, ஆகாதா என்று நாங்கள் சொன்ன பிறகுதான் முன்கட்டுக்குப் போகும்.

நாங்கள் என்றால் மைதீன் நானாவும் நானும். நானாதான் எனக்கு மேலாள். நாகூர்ப் பக்கத்து மனிதர். யுத்த காலத்தில் ராணுவ ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். அவரிடம் சேர்ந்த முதல் சில வருஷங்கள் நான் செய்ததெல்லாம் துடைத்தது, கழற்றியது, மாட்டியது, மறுபடி துடைத்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நானாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு சாமானைப் பார்த்து அவர் 'நல்லது' என்றோ 'கெட்டது' என்றோ சொல்ல மாட்டார். அவரிடம் இரண்டே சொற்கள்தான். தேறியது என்றால், "இருக்கட்டும்." தேறவில்லை என்றால், "போகட்டும்." அந்தச் சொல் வாயிலிருந்து விழும்வரை முதலாளி உட்பட யாரும் மூச்சு விட முடியாது. வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார் என்றால் சொல் வரப்போகிறது என்று அர்த்தம். 

பட்டன் கத்தி பரீட்சையை முதலில் சொல்கிறேன். பட்டனை அழுத்தினால் அலகு படீரென்று வெளியே தாவும் கத்தி. படகில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கையால் கத்தியை விரிக்க வேண்டும். அதற்காகத்தான் காவலர்கள் அதைக் கேட்டார்கள். நானா கத்தியைக் கூர் பார்க்கும் முன் கை பார்ப்பார். ஈரக் கையால் திறக்கச் சொல்வார். நல்லெண்ணெய் தடவிய கையால். பிறகு ஙப்பி சட்டிக்குள் கையை விட்டு எடுத்து, அந்தக் கையால். மீன் ஊறிய அந்த விழுதின் வாசனை நகத்துக்குள் ஏறிக்கொண்டு போகவே போகாது. "நம்ம காவக்காரன் கைகழுவிட்டு வர்றதுக்குத் திருடன் நிப்பானாடா சவரி?" என்பார். தாம்புக்கயிற்றை வைத்து அறுப்போம். சேற்றில் புதைத்து எடுப்போம். எல்லாவற்றுக்கும் பிறகு 'பழகிப் பார்ப்பது' என்று ஒன்று உண்டு. யார் எப்படி வைத்துக்கொள்வார்களோ அப்படியே சில நாள் வைத்துக்கொண்டு உண்டு, உறங்கி, கடைத்தெருவுக்குப் போய் வர வேண்டும்.

கடையில் எங்களுக்குக் காக்கிக் கால்சட்டை. பழகிப் பார்க்கும் கத்தி கால்சட்டைப் பையில் ஒழுங்காகக் கிடக்கும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போய்க் கைலி மாற்றியபோது பை இல்லை. ஊரில் எல்லாரும் செய்கிறபடி இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுநாள், நான் குடியிருந்த தாமுவேயிலிருந்து பூசைக்கு அப்படியே போய்விட்டேன்.

நற்கருணை எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் முழந்தாளிட்டோம். கோயிலே மௌனம். மணி ஒலிக்கவேண்டிய நேரத்தில் என் வயிற்றிலிருந்து 'ட்டக்' என்று ஒரு சத்தம். முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்தாள். குனிந்து பார்த்தேன். சட்டையைக் கிழித்துக்கொண்டு அலகு வலது பக்கம் எட்டிப் பார்க்கிறது! உள்பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே எல்லாரும் எழுந்த பிறகும் நான் எழவில்லை. பூசை முடிந்து கோயில் காலியாகும்வரை, கைகளை வயிற்றோடு சேர்த்துக் குவித்தபடி முழந்தாளிலேயே இருந்தேன். என் பக்தி அதிகமாகிவிட்டது என்று பங்குச் சாமியார் பிற்பாடு பலரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

திங்கட்கிழமை நானாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் துள்ளிக் குதித்துவிட்டார்.

"எந்தப் பக்கம் வந்துச்சு? பட்டன் மேல பாத்து இருந்துச்சா, உள்ள பாத்து இருந்துச்சா? கைலிய மாத்துடா! மண்டி போடு, மண்டி போடு!"

இரண்டு பேரும் கைலி கட்டிக்கொண்டு, கத்தியை மூங்கில் உறையோடு இடுப்பில் செருகி, குந்தினோம், எழுந்தோம், மண்டியிட்டோம். 'ட்டக்' என்று ஒவ்வொரு தடவை உறைக்குள் கேட்கும்போதும் நானா கைதட்டுவார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்த எங்களைப் பார்த்தார்.

"என்ன மைதீன், சவரியோட வேதத்துல சேந்துட்டீராக்கும்?"

"இல்ல மொதலாளி. கால்சட்டை போட்டவன் செஞ்ச கத்தி இது. நம்மூர் ஆளு குந்துனா இது அவன் வயித்தைத் தொறக்கும். போகட்டும்."

அந்தப் பெட்டி முழுவதும் திரும்பிப் போனது. பட்டனுக்குப் பக்கத்தில் நகர்த்தும் பூட்டு உள்ள வேறு கத்தி வந்தது. எத்தனை குந்தியும் திறக்கவில்லை. அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம்: எந்தச் சாமானையும் கைலி கட்டிக்கொண்டு பரீட்சை பார்க்காமல் சொல் விழாது.

எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கோ துன் வந்தார்.

கோ துன் ஒரு நெல் படகின் காவலர். லத்தாவில் இருந்த சீன ஆலைக்காரருடைய படகு அது. கிராமங்களிலிருந்து நெல் ஏற்றி வந்து ஆலையில் இறக்கும். திரும்பும்போது வாத்துப் பண்ணைகளுக்குத் தவிடு ஏற்றிப் போகும். நெல் வாங்கும் பணமும் அதே படகில் போகும் என்பதால் திருடர்களுக்குத் திரும்பும் படகின்மேல்தான் கண். முந்தின பருவத்தில் ஒரு கால்வாய் முக்கில் சம்பான் என்ற சின்னத் துடுப்புப் படகில் வந்து ஏறினார்கள். கோ துன் ரைபிளை எடுத்தார். எங்கள் கடை ரைபிள். நானா 'இருக்கட்டும்' சொன்ன ரைபிள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டு பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. 'தா' என்னும் பர்மிய வாளின் வெட்டு இடது கையில் விழுந்தது. உயிர் பிழைத்தார், அந்தக் கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று.

ரைபிள் போலீஸ் தாணாவுக்குப் போய், பிறகு எங்களிடம் வந்தது. தாணாவில் யாரோ ஒழுங்கான மனிதர் அதைப் பளபளவென்று துடைத்து அனுப்பிவிட்டார். எத்தனை சுட்டும் அது எங்கள் கையில் மாட்டவே இல்லை. தோட்டாவை மாற்றிப் பார்த்தோம். சுருள்வில்லை மாற்றினோம். சேற்றில் போட்டு மிதித்தோம். சுடுகிறது! நானா அந்த ஒரு வருஷமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

அந்த வருஷம் நெல் பருவம் தொடங்கியதும் கோ துன் கடைக்கு வந்தார். ஆலையில் தமிழர்களோடு வளர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்; 'சயா' (ஐயா), 'கோ' (அண்ணன்) என்ற பர்மியச் சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இடது கையைக் காட்டினார்.

"சயா, திங்கக்கிழமை படகு போகுது. ஆலை மொதலாளி நான்தான் போகணும்னு சொல்றாரு. போகலன்னா வேலை இல்ல. ஒண்ணு நல்ல ரைபிள் குடு. இல்ல, ரைபிளே வேணாம்னு சொல்லிடு, நான் தாவைத் தூக்கிட்டுப் போறேன். சுடுதா சுடலையான்னு தெரியாத ரைபிள் மட்டும் வேணாம்."

நானா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "ஞாயித்துக்கெழமை அக்கரைக்கு வா" என்றார்.

ஆற்றுக்கு அக்கரையில், டல்லாப் பக்கம் ஒரு சேற்றுத் திட்டில், தாணாவில் எழுதி வாங்கிக்கொண்டு சுட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிகாலைப் பூசையை முடித்துக்கொண்டு சம்பான் ஏறினேன். எங்களிடம் இரண்டு ரைபிள்கள். ஒன்று, கோ துன் கையில் மாட்டிய அதே பழைய குட்டை ரைபிள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். இன்னொன்று புதிதாக வந்தது. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். முதலாளிக்கு அதன்மேல் காதல்.

நான் கூச்சக்காரன்தான். ஆனால் கட்டையைத் தோளில் சேர்த்துக் கன்னத்தை வைத்துவிட்டால் அந்தச் சவரிமுத்து வேறு. புது ரைபிள் ஒரு குதிரை! பானைகளை வரிசையாக நட்டு வைத்திருந்தோம். டப், டப், டப்பென்று ஒவ்வொன்றாகச் சிதறியபோது என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு கூச்சல் கிளம்பியது. கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன. சேற்றில் முக்கி, ஆற்றில் அலசி, மறுபடி சுட்டேன். சுட்டது. பழையதும் சுட்டது.

கோ துன் ஒரு கட்டையில் குந்தி வாழைக்காய் பஜ்ஜி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். நானா அவரைப் பார்த்தார். சொல் வரவில்லை.

"நல்லாத்தான் சுடுது சயா" என்றார் கோ துன். "கோ சவரி தொடச்சு, கோ சவரி தூக்கி, கோ சவரி சுடுறாரு. கோயில் சாமி மாதிரி மேசை மேல வச்சிருக்கீங்க. என் படகுல மேசை இல்ல. கோ சவரியும் இல்ல."

நானாவின் கன்னம் அசைந்தது. "படகு எங்கே?"

"ஆலைத் துறையில. தவிடு ஏத்துறாங்க."

"சவரி, கட்டு சாமானை!"

ரைபிள்களுக்கு வழக்கம்போல் எண்ணெய் பூசி, தாணாக்காரரிடம் மறுபடி சொல்லிக்கொண்டு, ஆலைத் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மேலேயிருந்து மரக் குழாய் வழியாகத் தவிடு கொட்டுகிறது. கூலிகள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மூட்டை பிடிக்கிறார்கள். படகின்மேல் மஞ்சள் புகை போலத் தூசி. என் கண் இமையெல்லாம் தவிடு. "ரைபிள எங்கே வைப்பே?" என்று நானா கேட்டார். கோ துன் கீற்றுக் கூரைக்கு அடியில் மூட்டை இடுக்கில் இரண்டையும் சாய்த்து வைத்தார். "இங்கே. படுத்தா கைக்கு எட்டும்."

"சரி. நீ உன் வேலையப் பாரு. நாங்க இல்லன்னு நெனச்சுக்க."

நாங்கள் காத்திருந்தோம். அதைவிடக் கடினமான பரீட்சை நான் பார்த்ததில்லை. நானா மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோ துன் கயிறு சுற்றினார், சோறு தின்றார், சுருட்டுப் பிடித்தார், யாரோ ஒருவருடைய மாமியாரைப் பற்றிக் கூலிகளோடு கேலி பேசினார். தவிடு கொட்டிக்கொண்டே இருந்தது. வெயில் சாயும்போது அவர் குந்தியபடியே கண் அயர்ந்தார்.

"வந்துட்டான்!" என்று நானா ஒரே அலறல்.

கோ துன் துள்ளி எழுந்தார். கைலி அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் புது ரைபிளை எடுத்து, ஆளில்லாத ஆற்று நடுவைப் பார்த்து அழுத்தினார். டப்! மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை. கீழே போட்டுவிட்டுப் பழையதை எடுத்து போல்ட்டை இழுத்தார். பாதியில் நின்றது.

முன்னாலும் போகவில்லை. பின்னாலும் வரவில்லை.

கோ துன்னின் முகம் வெளுத்தது. அவர் நிற்பது ஆலைத் துறையில் அல்ல, அந்தக் கால்வாய் முக்கில் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நானாவோ, "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" என்று மூட்டைமேல் ஏறி ஆடுகிறார். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. கூலிகள் மூட்டையைப் போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள்.  ஒரு வருஷமாக ஒளிந்திருந்த திருடன் எங்கள் கையில் அகப்பட்டுவிட்டான்!

தோட்டாக்களை இறக்கிவிட்டு, கட்டையால் தட்டிப் போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே, கொழுக்கட்டை மாவு போல மஞ்சளாக, கெட்டியாக, அப்பிக் கிடந்தது. கோ துன் விரலால் வழித்து முகர்ந்தார்.

"தவிடு. அப்புறம்... எண்ணெய்."

நானா ஆட்டத்தை நிறுத்தினார்.

ரங்கூன் மழையை அறிந்தவர்களுக்கு எங்கள் வழக்கம் புரியும். ஆறு மாதம் மழை. துடைத்து வைத்த இரும்பு விடிவதற்குள் சிவக்கும். எனவே எங்கள் தொழிலில் எல்லாரும் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டுவோம். எண்ணெய் சொட்டினால்தான் நல்ல கடைச் சாமான் என்று பெயர். மழையில் அது சரி. நெல் படகு ஓடுவதோ மழை நின்ற பிறகு, தூசிக் காலத்தில். எண்ணெய் தவிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. சேற்றில் முக்கினோமே, ஆற்று நீர் சேற்றை அலசிவிட்டது. தவிட்டை நாங்கள் நினைக்கவே இல்லை.

நானா மூட்டையிலிருந்து இறங்கி, கோ துன்னின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"துன், உன் வெரல எடுத்தது அவன் தா இல்லப்பா. என் எண்ணெய்க் கிண்ணம்."

 கோ துன் அந்த மடங்காத விரல்களாலேயே நானாவின் தோளில் தட்டினார்.

"அந்தக் கிண்ணத்த அல்வாக் கடைக்குக் குடுத்துடு சயா. அவங்க நல்லாப் பொரிப்பாங்க."

நானா சிரிக்கவில்லை. "சவரி, மண்ணெண்ணெய்!" என்றார்.

படகின் பின்பக்கமே பட்டறையாகிவிட்டது. இரண்டு ரைபிள்களையும் அக்கக்காகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினோம். வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை ஒட்டாத வரைக்கும் துடைத்து, உலர வைத்தோம். எண்ணெய் குழலுக்குள் மட்டும், அதுவும் பூசியதே தெரியாத அளவுக்கு. கோ துன் தன் பழைய கைலி ஒன்றைக் கொடுத்தார். அதைக் கிழித்து, போல்ட்டின்மேல் போர்த்தும்படி ஒரு உறை தைத்தேன். ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். முதல் முடிச்சு இறுகிவிட்டது. "கைலி மாதிரி செருகுடா, முடிச்சுப் போடாதே" என்றார் நானா. செருகினேன்.

மறுபடி மூட்டை இடுக்கு. மறுபடி தவிடு. கூலிகளுக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது; "இன்னும் கொட்டு, இன்னும் கொட்டு" என்று மேலே பார்த்துக் கத்தினார்கள். துறையில் வேடிக்கைக் கூட்டம். எனக்குக் கூச்சம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று.

"வந்துட்டான்!" இந்த முறை கத்தியது மைதீன் நானாவா, கூலிகளா, நானேதானா என்று தெரியாது. எல்லாரும்தான்.

கோ துன் கைலியைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தயாராகவே இருந்தார். புது ரைபிள் சில தோட்டாக்கள் வரை பாய்ந்தது. அப்புறம் ஒரு முறை விக்கியது. தூசி அதன் நெருக்கமான வயிற்றுக்குள் எப்படியோ புகுந்திருந்தது. அதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்தார். உறையைப் பல்லால் கடித்து இழுத்தார். கட்டையை இடது முழங்கை மடிப்பில் இடுக்கி, வலது கையால் போல்ட்டை அடித்தார். டப். இழுத்தார், தள்ளினார். டப். கூட்டம் ஒவ்வொரு சத்தத்துக்கும் கூவியது. தோட்டாப் பெட்டி காலியாகும்வரை அது ஒரு முறைகூட நிற்கவில்லை.

சுட்ட கையோடு ரைபிளை என்னிடம் நீட்டிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கட்டுக்கயிற்றை இடது கையால் சுற்றிப் பிடித்து, இடுப்பிலிருந்து பட்டன் கத்தியை எடுத்தார். பூட்டை நகர்த்தினார். ட்டக். ஒரே அறுப்பு. கயிறு தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, அது நல்ல கயிறுய்யா!" என்று படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

நானாவின் வெற்றிலை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போனது. புது ரைபிளைத் தொட்டு, "போகட்டும்" என்றார். முதலாளியிடம் யார் சொல்வது என்று நான் கேட்கவில்லை. பழையதைத் தொட்டார். சொல் வரவில்லை. கோ துன்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார்.

கோ துன் ரைபிளை என் கையிலிருந்து வாங்கி, கைலித் துணியைப் போல்ட்டின்மேல் செருகி, மூட்டை இடுக்கில் தன் கைக்கு எட்டும் இடத்தில் சாய்த்து வைத்தார்.

"இருக்கட்டும் சயா."

மறுநாள் நீரோட்டம் திரும்பியதும் படகு போனது. நானும் நானாவும் கடையைத் திறந்து, அலமாரியில் இருந்த துப்பாக்கிகளை இறக்கி எண்ணெயைத் துடைத்தோம்.